சூளையிலிருந்து சைக்காலஜிக்கு... வழி இருக்கா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டினதும் பாதிப் பேர் 'பீங்கானின் வரலாறு' எழுதிக் கொடுத்துட்டாங்க. மீதிப் பேர் கவிதை. (யாருக்காக எழுதின கவிதைன்னு எல்லாருக்கும் தெரியும். அதை விடுவோம்!) நான் எடுத்துக்கிட்ட விஷயம் கொஞ்சம் வேற மாதிரி. செராமிக் டிப்ளமோ படிக்கிற ஒருத்தர் பிற்காலத்துல மனோதத்துவத்துல, அதாவது சைக்காலஜியில, பிஎச்.டி. வரைக்கும் போக முடியுமா? முடியும்னா நடுவுல எதை எதைப் படிச்சு முடிச்சிருக்கணும்?

"களிமண்ணுக்கும் மனசுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இந்த யோசனை வந்ததே எங்க வீட்டுலேர்ந்துதான். அப்பா நம்ம விருத்தாசலம் தொழிற்பேட்டையில ஒரு யூனிட்டுல சூளைக்கு லோடு அடுக்குற வேலை பார்க்கிறார். நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தா அடிக்கடி ஒண்ணு சொல்வார்: "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒரு பீஸ் உடையாது. மூணுக்கு மேல பாரு, தொட்டதெல்லாம் நழுவும்." மண்ணு அதே மண்ணு. சரக்கு அதே சரக்கு. ஆளும் அதே ஆளு. அப்போ மாறினது எது? சுடாத பச்சை பீஸுக்கு எவ்வளவு பலம் இருக்குன்னு நம்ம பாடத்துல படிக்கிறோம். அதை எடுத்து அடுக்குற மனுஷன் மூணு மணிக்கு எப்படி இருக்கான்னு படிக்கிறதுக்கும் ஒரு படிப்பு இருக்கு. அதைத்தான் இண்டஸ்ட்ரியல் சைக்காலஜி, தொழில் உளவியல் என்கிறார்கள்.

எங்க வீட்டுல பத்தாவது தாண்டின முதல் ஆள் நான்தான். நம்ம கிளாஸ்ல பல பேருக்கும் இதே நிலைமைதான். படிச்ச குடும்பத்துப் பிள்ளை தப்பான கோர்ஸ்ல சேரப் போனா மாமாவோ சித்தப்பாவோ "இரு, இரு" என்று தடுப்பார்கள். நம்மளை யார் தடுப்பா? ரெண்டு வருஷமும் ஃபீஸும் போன பிறகுதான் விஷயமே தெரியும். அதனால சட்டதிட்டங்களைக் கொஞ்சம் விலாவாரியாவே பின்னாடி சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி, வேற படிப்பு படிச்சிட்டு இந்தப் பக்கம் வந்தவங்க யார் யார்னு பார்த்துடுவோம்.

முன்னாடி போனவங்க

இந்தியாவுல சைக்காலஜியில முதன்முதலா டாக்டர் பட்டம் வாங்கினவரே வேற படிப்பு படிச்சவர்தான்! அவர் பெயர் கிரீந்திரசேகர் போஸ். 1887-இல் பிறந்தவர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல், வேதியியல் படித்தார். பிறகு மெடிக்கல் காலேஜ். 1910-இல் டாக்டராகி வெளியே வந்து, பிராக்டீஸும் ஆரம்பித்துவிட்டார். நோயாளிகளோட மனசு சம்பந்தப்பட்ட கோளாறுகள் மேல அவருக்கு அப்பவே ஆர்வம். ஹிப்னாடிசம் எல்லாம் செய்து பார்த்திருக்கிறார்.

1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சைக்காலஜிக்கென்று தனித் துறை தொடங்கினார்கள். நாட்டிலேயே அதுதான் முதல். போஸுக்கு அப்போது முப்பது வயசு நெருங்கிக்கொண்டிருந்தது. எம்.பி. பட்டம் பெற்ற, தொழில் நடத்துகிற டாக்டர். அவர் என்ன செய்தார் தெரியுமா? எம்.எஸ்சி. சைக்காலஜியில் மாணவராகச் சேர்ந்தார்! 1917-இல் எம்.எஸ்சி. முடித்து அங்கேயே பாடம் எடுக்க ஆரம்பித்தார். 1921-இல் டி.எஸ்சி. பட்டம். மனசுக்குள்ளே ஆசைகளை அமுக்கி வைப்பது பற்றித்தான் ஆராய்ச்சி. அந்த ஆய்வு நூலை வியன்னாவில் இருந்த சிக்மண்ட் ஃபிராய்டுக்கு அனுப்பி வைத்தார். ரெண்டு பேருக்கும் வருஷக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடந்தது. 1922-இல் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். 1931-இல் ஃபிராய்டின் 75-வது பிறந்த நாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தால் செய்த ஒரு விஷ்ணு சிலை போனது. அதை அவர் தன் மேஜை மேல வெச்சுக்கிட்டார் என்பது கூடுதல் தகவல்.

இதுல எனக்குப் பிடிச்சது ஃபிராய்டு கதை இல்லை. அந்த 1916, 1917 ரெண்டு வருஷம்தான். "நான் டாக்டர், எனக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லாமல், திரும்பவும் போய் பெஞ்சுல உட்கார்ந்தாரே, அது.

இன்னும் சொல்லப்போனால் இந்தப் படிப்பை ஆரம்பிச்சவங்க யாருமே சைக்காலஜி படிச்சவங்க இல்லை. எப்படிப் படிக்க முடியும், அப்போ அப்படி ஒரு பாடமே கிடையாதே! மனசை அளக்கலாம்னு 1860-இல் புத்தகம் போட்ட ஃபெக்னர் ஜெர்மனியில் ஃபிசிக்ஸ் பேராசிரியர். 1879-இல் லைப்சிக் நகரத்தில் முதல் லேபை வைத்த வுண்ட் மருத்துவம் படித்தவர். அந்த லேபுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பட்டாள ஆபீசர் வந்து சேர்ந்தார். பேர் ஸ்பியர்மேன். ராணுவ வேலையை 1897-இல் விட்டுவிட்டுப் படிக்கப் போனவர், டாக்டர் பட்டம் வாங்கினது 1906-இல். அப்போ வயசு 43. (நமக்கு ஒரு அரியர் விழுந்தாலே வாழ்க்கை முடிஞ்ச மாதிரி உட்கார்ந்துடறோம்.) அந்த ஸ்பியர்மேனிடம் லண்டனில் பயின்ற எம்.வி. கோபாலசுவாமிதான் 1924-இல் மைசூர் பல்கலைக்கழகத்தில் சைக்காலஜித் துறையைத் தொடங்கினார். அவரே 1935-இல் மைசூரில் 'ஆகாசவாணி' என்று ஒரு ரேடியோ நிலையத்தையும் ஆரம்பித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அமெரிக்காவில் ஸ்கின்னர் படித்தது ஆங்கில இலக்கியம்.

இவங்க எல்லாரையும் விட நம்ம தொழிலுக்குப் பக்கத்துல வர்றவர் ஒரு அம்மா. லில்லியன் கில்பிரெத். கலிஃபோர்னியாவில் ஆங்கில இலக்கியத்தில் 1900-இல் பி.ஏ., 1902-இல் எம்.ஏ. அவர் கணவர் பிராங்க் கில்பிரெத் காலேஜ் பக்கம் போகாமல் செங்கல் அடுக்குற கொத்தனாரா வாழ்க்கையைத் தொடங்கி, கான்ட்ராக்டரா வளர்ந்தவர். ஒரு செங்கல்லை எடுத்து, கலவை போட்டு, வைத்து முடிக்க ஒரு கொத்தனார் 18 அசைவுகள் செய்கிறார் என்று எண்ணிப் பார்த்தார். குனிந்து குனிந்து எடுப்பதுதான் ஆளைக் கொல்லுதுன்னு கண்டுபிடிச்சு, செங்கல்லைக் கை உயரத்துக்குக் கொண்டுவரும் சாரத்தைச் செய்தார். அசைவுகள் நாலு, அஞ்சாகக் குறைந்தன. இது வெறும் கை கால் கணக்கு. அந்த வேலைக்காரர் மனசுல என்ன நடக்குது, எப்போ சலிப்பு வருது, எப்போ கவனம் சிதறுது என்பதையும் பார்க்கணும் என்று வந்தவர் லில்லியன். அதுக்காகவே இலக்கியத்தை விட்டு சைக்காலஜிக்கு மாறினார்.

அவருக்கு நடந்ததுதான் நாம கவனிக்க வேண்டியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு நூல் முழுசா எழுதிக் கொடுத்துட்டார். அவர் குடியிருந்ததோ நாட்டின் மறு கோடியில். பட்டம் வேண்டுமானால் ஒரு வருஷம் இங்கே வந்து தங்கிப் படிச்சிருக்கணும் என்பது விதி என்று சொல்லிவிட்டார்கள். ஆய்வு நூல் ரெடி, பட்டம் இல்லை! அந்த நூல் 1914-இல் புத்தகமாக வந்தது. அதிலும் ஆசிரியர் பெண் என்று தெரியாதபடி பெயரின் முதல் எழுத்துகளை மட்டும் போட்டார்கள். அவர் விடவில்லை. ரோட் ஐலண்டில் உள்ள பிரவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, வேறொரு தலைப்பில் இரண்டாவதாக ஓர் ஆய்வு நூல் எழுதி 1915-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். மொத்தம் 12 குழந்தைகளைப் பெற்ற தாய் அவர். 1916-இல் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வெளியிட்ட புத்தகம் எதைப் பற்றி தெரியுமா? தொழிலாளியின் களைப்பைப் பற்றி. எங்கப்பா கேட்ட மூணு மணிக் கேள்வியேதான்!

அறிவு இருந்தும், வேலை முடிந்தும், ஒரு விதியைக் கவனிக்காததால் பட்டம் கையை விட்டுப் போகும். அவருக்கு இரண்டாவது முறை எழுத வசதி இருந்தது. நமக்கு? அதனால இப்போ விதிகளுக்கு வர்றேன்.

எந்தப் படியையும் தாண்டாதே

பச்சை பீஸைக் காய வைக்காம நேரா சூளைக்குள்ள விட்டா என்ன ஆகும்னு நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உள்ளே இருக்கிற தண்ணி ஆவியாகி, பீஸே வெடிச்சுப் போகும். படிப்புலயும் அதே கதைதான்.

டிப்ளமோ கையில இருக்கு. உடனே நேரா எம்.ஏ. சைக்காலஜி போட்டுட்டா? "வயசு இருந்தா போதும், டிகிரி வேணாம்"னு ஒரு காலத்துல திறந்தநிலைப் பல்கலைக்கழக முறையில் எம்.ஏ. கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2009-இல் தீர்ப்பானது. அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தமிழக அரசும் அதில் கட்சிக்காரர்கள். விஷயம் இதுதான்: சினிமாத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்த ஒருவர், டிகிரி படிக்காமலே எம்.ஏ. வாங்கி, சென்னையில் உள்ள அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் முதல்வர் பதவிக்கு வந்தார். மூணு வருஷ முதல் டிகிரி இல்லாமல் வாங்கிய எம்.ஏ. செல்லாது, பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யு.ஜி.சி.யின், 1985-ஆம் ஆண்டு விதிப்படிதான் எல்லாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவரும் நம்மளை மாதிரி டிப்ளமோக்காரர்தான், நண்பர்களே. அதனால அடுத்த படி டிகிரி. அதுல சந்தேகமே வேண்டாம்.

டிகிரிக்கு நமக்கு நல்லா தெரிஞ்ச ரூட் லேட்டரல் என்ட்ரி. டிப்ளமோ முடித்தவர்கள் கவுன்சலிங் மூலமாக நேராக பி.இ., பி.டெக். இரண்டாம் ஆண்டில் சேரலாம். நம்ம பாடத்திலேயே தொடரணும்னா சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக்கில் பி.டெக். செராமிக் டெக்னாலஜி இருக்கிறது. இல்லை, இப்பவே சைக்காலஜி பக்கம் திரும்பறேன்னு நினைக்கிறவர்கள் பி.எஸ்சி. சைக்காலஜி முதல் வருஷத்திலிருந்து தொடங்கலாம். அதற்கு நம்ம டிப்ளமோவை பிளஸ் டூவுக்குச் சமமாக ஏற்பார்களா என்பதைச் சேருவதற்கு முன்னால் அந்தப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வாய் வார்த்தை வேண்டாம். ஆபீஸ் ரூம் ஜன்னல்ல "அதெல்லாம் ஆகும்பா"ன்னு சொல்றவர் நாலு வருஷம் கழிச்சு அங்கே இருக்க மாட்டார்.

பி.டெக். முடிச்சாச்சுன்னு வெச்சுக்குவோம். அடுத்தது எம்.எஸ்சி. அல்லது எம்.ஏ. சைக்காலஜி, இரண்டு வருஷம். சில பல்கலைக்கழகங்களில் எந்த டிகிரி படித்தவரும் சேரலாம். சில இடங்களில் பி.எஸ்சி. சைக்காலஜிதான் வேண்டும் என்பார்கள். ஒவ்வொரு பிராஸ்பெக்டஸையும் 'தகுதி' என்ற பத்தியைப் படிச்சிட்டுத்தான் அப்ளிகேஷன் வாங்கணும்.

இங்கேதான் ஒரு முக்கியமான மாற்றம். நம்ம அண்ணன் அக்காமார் காலத்துல வேலைக்குப் போய்க்கிட்டே தபால் வழியில சைக்காலஜி படிச்சாங்க. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல எந்த டிகிரி இருந்தாலும் எம்.ஏ. சைக்காலஜி சேரலாம் என்று இருந்தது. கம்பெனியில ஷிஃப்ட் பார்த்துக்கிட்டே ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் முடிச்சவங்க எத்தனையோ பேர். ஆனால் மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்காக 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தில் உளவியலும் வருகிறது. அதைக் காரணம் காட்டி, 2025 ஜூலை-ஆகஸ்ட் கல்வியாண்டிலிருந்து தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் சைக்காலஜிக்குப் புதிதாக ஆள் சேர்க்கக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. பயிற்சி இல்லாமல் பட்டம் மட்டும் வாங்குவதைத் தடுக்கத்தான் என்றார்கள். நியாயம் இருக்கலாம். ஆனா காலேஜுக்கு நேரா போக வசதி இல்லாத ஆளுக்கு இருந்த ஒரே கதவும் சாத்தியாச்சு என்பது என் வருத்தம். ஆகவே இனிமேல் யாராவது ஏஜென்ட் வந்து "தபால்ல சைக்காலஜி, ஒரே வருஷம், கன்வீனியன்ட்டா முடிச்சுக்கலாம்"னு சொன்னா கும்பிடு போட்டு அனுப்பிடுங்க. நேரடி வகுப்புதான் வழி. நம்ம மாவட்டத்துலேயே சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சைக்காலஜித் துறை இருக்கிறது. விருத்தாசலத்திலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும், மாநிலக் கல்லூரியிலும் இந்தத் துறை உண்டு.

பிறகு பிஎச்.டி. யு.ஜி.சி.யின் 2022-ஆம் ஆண்டு விதிப்படி, முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. உள்ளிட்ட பிரிவினருக்கு 5 சதவீதம் சலுகை. சேர்ந்த பிறகும் குறைந்தது 12 கிரெடிட்டுக்குப் பாடம் படித்துத் தேற வேண்டும். குறைந்தபட்சம் மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு வருஷம்.

அதே 2022 விதியில் இன்னொரு குறுக்கு வழியும் இருக்கிறது. நாலு வருஷ டிகிரியில், எட்டு செமஸ்டர் படிப்பில், 75 சதவீதம் எடுத்தவர்கள் முதுகலை இல்லாமலே பிஎச்.டி.க்குப் போகலாம். 2024 ஏப்ரலில் யு.ஜி.சி. தலைவர் இன்னும் ஒரு படி மேலே போய், அப்படிப்பட்டவர்கள் தாங்கள் படித்த பாடம் எதுவானாலும் விரும்பிய பாடத்தில் நெட் தேர்வு எழுதலாம் என்று அறிவித்தார். அதாவது சட்டப்படி ஒரு பி.டெக். பட்டதாரி நேராக சைக்காலஜி நெட் எழுதலாம்! கேட்க இனிப்பாத்தான் இருக்கு. நாம லேட்டரல் என்ட்ரியில் சேர்ந்தால் அங்கே உட்காருவது ஆறு செமஸ்டர்தான் என்பதை மறந்துடாதீங்க. இந்த வழியை நம்பி எம்.எஸ்சி.யை விட்டுடறதுக்கு முன்னாடி, சேரப்போகிற பல்கலைக்கழகத்திலிருந்து இதுக்கும் எழுத்தில் பதில் வாங்கணும். என்னைக் கேட்டால் எம்.எஸ்சி. செய்துவிட்டுப் போவதுதான் நல்லது. போஸ் ரெண்டு வருஷம் பெஞ்சுல உட்கார்ந்தது வீண் இல்லை.

நெட் தேர்வில் உயர்ந்த இடம் பிடித்தால் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை. 2023-இல் உயர்த்திய கணக்குப்படி முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபாய், அதற்குப் பிறகு 42,000. வயசு வரம்பு 30. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., பெண்கள் ஆகியோருக்கு அஞ்சு வருஷம் கூடுதல். பத்தாவது முடிச்சது 15 வயசுல. டிப்ளமோ 18. லேட்டரல் என்ட்ரியில பி.டெக். 21. எம்.எஸ்சி. 23. நடுவுல வீட்டுக் கஷ்டத்துக்கு ரெண்டு, மூணு வருஷம் வேலைக்குப் போனாலும் ஜே.ஆர்.எஃப். வயசுக்குள்ளே வந்துடலாம். இந்தக் கணக்கை நான் நோட்டுல எழுதி அப்பாகிட்டே காட்டினேன். "அவ்வளவு வருஷமா?" என்றார். பிறகு அந்த 37,000-ஐ ரெண்டு தடவை கேட்டார்.

ஒரு எச்சரிக்கை. பிஎச்.டி. வாங்கிட்டா ஆஸ்பத்திரியில மனநல நிபுணரா உட்காரலாம்னு நினைக்கக் கூடாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகணும்னா 1992 சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த தனிப் பயிற்சிப் படிப்பு முடித்து, அங்கே பதிவும் செய்திருக்க வேண்டும். அது வேற ரூட்.

நமக்குத் தெரிஞ்சது, தெரியாதது

சரி, பட்டம் பட்டம்னு சொல்லிட்டேன். உள்ளே என்ன படிக்கணும்? வேற பாடத்திலேர்ந்து வர்றவங்க முக்கியமா ஈடுகட்ட வேண்டியது பொது உளவியல், சோதனை உளவியல், புள்ளியியலும் ஆராய்ச்சி முறையும், உளவியல் சோதனைகள், மூளையும் நரம்பும், குழந்தையிலிருந்து முதுமை வரை வளர்ச்சி, சமூக உளவியல், மனநோய்கள். அமெரிக்காவிலும் வேறு டிகிரியோடு பிஎச்.டி.க்கு வருகிறவர்களிடம் ஏறக்குறைய இதே பாடங்களைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அதுக்காகவே டிகிரிக்குப் பிறகு தனியா ஒரு வருஷம், ரெண்டு வருஷம் படிக்கிறவங்க அங்கே நிறைய.

இதில் பி.ஏ. படிச்சிட்டு வர்றவங்க பயப்படுற பாடம் புள்ளியியல். ஆச்சரியம் என்னன்னா, நாம பயப்பட வேண்டாத பாடமும் அதுதான்! லேபுல பத்து டெஸ்ட் பார் செய்து, சுட்டு, ஒவ்வொண்ணா உடைச்சு, மாடுலஸ் ஆஃப் ரப்சர் கணக்குப் போட்டு, சராசரி எடுக்கிறோம். பத்தும் ஒரே மாதிரி வராது. இந்த பாடி அந்த பாடியை விட நிஜமாவே பலமா, இல்லை தற்செயலா அப்படி வந்துச்சா? பத்தே பத்து பாரை வெச்சு எப்படிச் சொல்றது? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் காஸெட் என்ற கெமிஸ்ட். டப்ளின் நகரத்து கின்னஸ் பீர் கம்பெனியில் வேலை. கம்பெனி ஆட்கள் சொந்தப் பேரில் எதையும் வெளியிடக் கூடாது என்பதால் 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் கட்டுரை எழுதினார். அதனால்தான் 'ஸ்டூடண்ட்ஸ் டி டெஸ்ட்' என்று இன்றைக்கும் பெயர். அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டாகப் போட்டுக் காட்டிய கணக்குகளில் ஒன்று, தூக்க மருந்து கொடுத்த 10 நோயாளிகள் கூடுதலாக எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்பது! பத்து டெஸ்ட் பாருக்கும் பத்து மனுஷனுக்கும் ஒரே கணக்கு. சைக்காலஜி எம்.எஸ்சி.யில் முதல் வருஷமே இதைத்தான் போட்டு உருட்டுவார்கள். நமக்கு அது ஏற்கெனவே பாதி பழகின வேலை.

ரெக்கார்டு நோட்டும் அங்கே உண்டு, சந்தோஷப்படாதீங்க! சைக்காலஜி லேபுல போட்டு வாங்குற சோதனை ஒண்ணு சொல்றேன். ஒரே நீளத்துல ரெண்டு கோடு. ஒண்ணுக்கு ரெண்டு முனையிலும் அம்புக்குறி உள்பக்கமா மடங்கி இருக்கும். இன்னொண்ணுக்கு வெளிப்பக்கமா விரிஞ்சு இருக்கும். விரிஞ்ச கோடு நீளமாத் தெரியும். ஸ்கேல் வெச்சு அளந்து சமம்னு தெரிஞ்ச பிறகும் கண்ணுக்கு நீளமாத்தான் தெரியும். எத்தனை மில்லிமீட்டர் ஏமாறுறோம்னு ஒவ்வொரு ஆளுக்கும் அளந்து, டேபிள் போட்டு, சராசரி எடுத்து ரெக்கார்டு எழுதணும். இன்னொண்ணு, கண்ணாடியில தெரியுற பிம்பத்தை மட்டும் பார்த்துக்கிட்டு ஒரு நட்சத்திரப் படத்து மேல பென்சிலை ஓட்டுறது. முதல் தடவை கை எங்கெங்கேயோ போகும். பத்தாவது தடவை சரளமா வரும். தடவைக்குத் தடவை எத்தனை வினாடி, எத்தனை தப்புன்னு கிராஃப் போட்டா பழக்கம் எப்படி வருதுன்னு கண் முன்னால தெரியும். ஹாஸ்டல்ல ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி இருந்தா இன்னைக்கு ராத்திரியே செஞ்சு பார்க்கலாம். (பாத்திரம் வனையக் கத்துக்கிட்ட முதல் நாள் சக்கரத்துல நம்ம கை போன போக்கு ஞாபகம் வருதா?)

நமக்குக் கஷ்டமா இருக்கப் போறது வேற ரெண்டு. ஒண்ணு, படிக்கிறது. அங்கே பக்கம் பக்கமா படிச்சு, இவர் இப்படிச் சொன்னார், அவர் மறுத்தார்னு விவாதிச்சு எழுதணும். ரெண்டு மார்க், மூணு மார்க் கேள்விக்குப் பழகின நமக்கு இது புதுசு. ரெண்டாவது, உயிரியல். பத்தாவதோட விட்டது. மூளை, நரம்பு, சுரப்பி எல்லாம் ஆரம்பத்திலேர்ந்து படிக்கணும்.

இதுக்கெல்லாம் இப்போதே காசில்லாமல் தொடங்க முடியும். என்.சி.இ.ஆர்.டி. போட்டிருக்கிற பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு சைக்காலஜி புத்தகங்கள் இணையத்தில் இலவசம். ஆங்கிலம்தான், ஆனால் எளிமையான ஆங்கிலம். நான் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் நினைவாற்றல் பாடம் வரைக்கும் வந்திருக்கேன். ஒரு பாடத்துக்கு ஒரு வாரம் ஆகுது. அடுத்தது, இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடப் புத்தகங்கள் 'இஞானகோஷ்' என்ற தளத்தில் படிக்கக் கிடைக்கின்றன. பட்டத்துக்குச் சேரத்தான் தடை, படிக்கத் தடை கிடையாது! ஸ்வயம், என்.பி.டி.இ.எல். தளங்களில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் எடுக்கும் சைக்காலஜி வகுப்புகளையும் சும்மா உட்கார்ந்து கேட்கலாம். பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வேண்டுமானால்தான் கட்டணம். கடைசியாக, நெட் தேர்வின் சைக்காலஜி பாடத்திட்டம். பாட எண் 04. மொத்தம் பத்து யூனிட். அதை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டாவது யூனிட்டான ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் யூனிட் தத்துவமும் வரலாறுமா இருக்கும், அங்கே ஆரம்பிச்சா தூக்கம் வந்துடும்.

இந்த வழியில் போக யாருக்காவது ஆர்வம் இருந்தால், மேலே சொன்ன புத்தகங்களைச் சேர்ந்து படிக்கலாம். தினமும் சாயங்காலம் லேப் முடிஞ்சதும் நான் லைப்ரரியில்தான் இருப்பேன்.